சஸ்காச்சுவான் புல்வெளிக்குக் காரில் போக: சேற்றில் மாட்டியவன் சொல்லும் வழி

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவிலிருந்து கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதிக்கு, வாடகைக் காரில், இரண்டு இரவுப் பயணம். கூடாரம் அடிப்பது, சமையல் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

1. வழி: நெடுஞ்சாலை 1-இல் மேற்கே ஸ்விஃப்ட் கரன்ட், சுமார் 245 கிமீ. அங்கிருந்து 4-ஆம் எண் சாலையில் தெற்கே, பூங்காவை ஒட்டிய சிற்றூர் வால் மேரி, இன்னொரு 120 சொச்சம்.

2. பெட்ரோல்: பாதி டேங்க் இருந்தாலும் ஸ்விஃப்ட் கரன்டில் நிரப்பிவிடுங்கள். சின்ன ஊர்களில் சில பம்புகளில் ஆளே இருக்க மாட்டார்கள். பம்பு நடத்தும் நிறுவனம் தந்த அட்டை இருந்தால்தான் பெட்ரோல் வரும்.

3. மேப்: நான் கோட்டை விட்டது இங்கேதான். இந்தப் பக்கம் ரோடு மூன்று வகை: தார், சரளை, வெறும் மண். போனுக்கு மூன்றும் ஒன்றுதான். 'பத்து நிமிடம் மிச்சம்' என்று காட்டிய குறுக்கு வழியில் திருப்பினேன். முந்தைய இரவு மழை. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசலில் மழைக்கு நடந்தால் செருப்போடு காலைப் பிடிக்குமே, அதே மண். இங்கே 'கம்போ' என்கிறார்கள். சக்கரத்துக்கும் மட்காடுக்கும் நடுவில் சேறு அப்பி, சக்கரம் சுற்றவே இல்லை. டிராக்டரில் கட்டி இழுத்த பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "போனைப் பார்த்தா வந்தீங்க?"

நடுவில் புல் முளைத்து, கல்லே இல்லாத ரோடா? மழை பெய்திருந்தால் அப்படியே ரிவர்ஸ் எடுங்கள். என் கட்சி காகித மேப்தான். பெரும்பாலான இடங்களில் வடக்கு-தெற்கு ரோடுகள் ஒரு மைலுக்கு ஒன்று, கிழக்கு-மேற்கு ரோடுகள் இரண்டு மைலுக்கு ஒன்று. சிக்னல் போனாலும் குறுக்கே வரும் ரோடுகளை எண்ணி இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். பூங்காவை ஒட்டிய மேட்டு நிலத்தில் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும்.

4. சரளையில்: மணிக்கு அறுபது கிமீ தாண்டாதீர்கள். எதிரே லாரி வந்தால் வேகத்தைக் குறைத்து வலது ஓரம் ஒதுங்குங்கள். கண்ணாடியில் கல் அடிக்கும். சட்டென்று பிரேக் போட்டால் கார் வழுக்கும். எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் அது வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

5. பூங்காவில்: காட்டெருமையிடமிருந்து 100 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். 'புல்வெளி நாய்' நாயே இல்லை, அணில் சாதி. வளைக்கு வெளியே நின்று கத்தும். கனடாவில் காட்டில் வாழ்வது இந்த வட்டாரத்தில் மட்டும்தான். இரவில் டார்ச்சை அணைத்துவிட்டு வானத்தைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: படித்துவிட்டுப் போன ஒருவருக்கு டயர் பஞ்சர். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னியே இல்லை, ஒரு காற்றுப் பம்பும் பசை டப்பாவும்தான். வாடகைக் கார் எடுக்கும்போதே டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள். இன்னொருவர் உண்ணி பற்றிக் கேட்டிருந்தார்: ஆமாம், மே, ஜூனில் நிறைய. பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள்.