தோப்பு கேரளாவில், வக்கீல் பொள்ளாச்சியில்: எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

கேரளாவில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நம் ஆட்கள் பலருக்கும் பழக்கமான வக்கீல் பொள்ளாச்சியில்தான் இருப்பார். வரப்புத் தகராறு வந்தால் கேஸையும் அங்கேயே போடப் பார்ப்பார்கள். முதல் தவறு இதுதான். நிலத்தின் உரிமை, பாகம் பற்றிய வழக்கை நிலம் இருக்கிற இடத்துக் கோர்ட்டில் போட வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. நீங்கள் பேசுவது தமிழா, ரேஷன் கார்டு எங்கே என்பதெல்லாம் கணக்கில் வராது. தோப்பு சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர்) இருந்தால், முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு அப்பீல் பாலக்காடு மாவட்டக் கோர்ட்டில். அதற்கும் மேலே எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள ஹைகோர்ட். சென்னைக்கு இதில் வேலையே இல்லை. இடம் மாறிப் போட்டால் எதிராளி முதலிலேயே ஆட்சேபிப்பார், கோர்ட் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

அப்பா விட்டுப் போனது பொள்ளாச்சியில் வீடு, எல்லைக்கு அந்தப் பக்கம் தோப்பு என்றால்? இரண்டு வழக்கு போடுகிறார்கள். வீண் செலவு. அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி இரண்டில் ஏதாவது ஒரு கோர்ட்டில் ஒரே பாகப்பிரிவினை வழக்காகப் போடலாம்.

கல்யாண வழக்கில் வேறு குழப்பம். கணவர் பாலக்காட்டில் விவாகரத்து கேட்டிருக்கிறார், கோயம்புத்தூரில் தாய் வீட்டில் இருக்கும் மனைவியால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வர முடியவில்லை என்றால், கேஸை மாற்றித் தரச் சொல்லி ஏதாவதொரு ஹைகோர்ட்டில் மனு போடச் சொல்பவர்கள் உண்டு. அது தவறு. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு சிவில் வழக்கை மாற்றுவது சுப்ரீம் கோர்ட்தான், அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ்.

எல்லா வழக்கும் நிலம் மாதிரி இல்லை. செக் திரும்பினால், நீங்கள் அதைப் போட்ட உங்கள் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட். செக் பற்றிய சட்டத்துக்கு வந்த 2015 திருத்தம் கொண்டுவந்தது இது. எல்லைக்கு அந்தப் பக்கம் வாளையாரில் விபத்து நடந்திருந்தாலும் நஷ்டஈட்டு மனுவை நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம்.

அப்புறம், ஜெயித்தவர்கள் செய்யும் தவறு. கடன் கேஸில் பொள்ளாச்சியில் டிக்ரி (பணத்தைக் கொடுக்கச் சொல்லும் கோர்ட் தீர்ப்பாணை) வாங்கியாச்சு, கடன்காரரின் சொத்து முழுக்கக் கேரளாவில். அங்கே புதிதாகக் கேஸ் போட வேண்டும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். தேவையில்லை. டிக்ரி கொடுத்த கோர்ட்டிலேயே மனு போட்டால், டிக்ரி நகலையும் பணம் இன்னும் வசூலாகவில்லை என்ற சான்றையும் கேரளக் கோர்ட்டுக்கு அனுப்பிவைப்பார்கள், ஈ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) அங்கே நடக்கும். இதற்கு 12 வருஷம் வரைதான் அவகாசம்.