பிடியில் ஒரு பெண்: லூபா பாணிக் கரண்டி செதுக்கலாம்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில், லுவாலாபா ஆற்றையொட்டி வாழ்பவர்கள் லூபா மக்கள். அவர்களுடைய அரச இருக்கை, கைக்கோல், சடங்குக் கரண்டி எனப் பலவற்றிலும் ஒரு பெண் உருவம் இருக்கும். இறந்த அரசரின் ஆவியை ம்வாடி எனப்படும் பெண் தன் உடலில் தாங்குவாள் என்பது அவர்கள் மரபு. ஆகவே பிடியில் நிற்பவளை வெறும் அலங்காரமாக நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்துச் செய்த முதல் கரண்டியில் அவள் கண்ணை உருட்டி முறைத்தாள்!

ஈரம் காயாத, முடிச்சில்லாத மென்மரமாக ஒரு முழக் கட்டை போதும். மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் கழுத்து முறியும். பக்கவாட்டு உருவத்தையும் முன்பக்க உருவத்தையும் பென்சிலால் வரைந்துகொண்டு, கோட்டுக்கு வெளியே உள்ள மரத்தை வாய்ச்சியால் (தச்சர் மரத்தைச் செதுக்கும் வெட்டுக்கருவி) கழியுங்கள். லூபா தச்சர்களுக்கும் முக்கியக் கருவி அதுதான்.

அடுத்து கரண்டியின் குழிவு. கட்டை பருமனாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பிடி மெலிந்தபின் அழுத்திப் பிடிக்க இடமிருக்காது. வளைந்த உளியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கியே ஓட்டுங்கள். குழிவின் சுவர் அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு வந்ததும் நிறுத்திவிட்டுப் பின்புறத்தை உருண்டையாகச் செதுக்குங்கள்.

இனி அவள். தலையைப் பெரிதாக விடுங்கள், உடலில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கலாம். நெற்றி அகன்று உருண்டிருக்கும். கண்ணைக் குழிக்கக் கூடாது: முதலில் பாதாம் வடிவ மேடு, அப்புறம் நடுவில் ஒரே கீறல். பாதி மூடிய, உள்நோக்கிய பார்வை வந்துவிடும். கைகள் மார்பின்மேல் இருக்கட்டும். அரச ரகசியங்களை அங்கே காக்கிறாள் என்பார்கள். கூந்தலுக்குத்தான் பொறுமை வேண்டும். பின்தலையில் சிலுவை போல நான்கு பிரிவாக முடிந்த கொண்டையை முதலில் திரளாக விட்டு, பின்னல் கோடுகளைக் கடைசியில் போடுங்கள். வயிற்றில் வரும் தழும்பு வரிசைகளும் அப்படியே.

செதுக்கிய சீவல்களோடு காகிதத்தில் சுற்றி ஒரு வாரம் நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் குழிவு பிளக்கும். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பலமுறை பூசுங்கள். லூபாவில் பாமாயில் ஊறிய பழைய சிற்பங்களுக்கு உள்ள கருமை உடனே வராது, கை பட்டுப் பட்டுத்தான் வரும்.

குழம்பு கிண்ட மட்டும் எடுக்காதீர்கள். அந்தக் கழுத்து தாங்காது.