பெய்தும், பெய்தாலும்: முரணைச் சொல்லும் ‘உம்’மைப் பழகுவது எப்படி?

மேகாலயாவின் சிரபுஞ்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கேயே குளிர்காலத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு. இரண்டையும் ஒரே வாக்கியமாக்கச் சொன்னால், புதிதாக எழுதுகிறவர்கள் ‘முரண்பாடாக’ என்று ஆரம்பிப்பார்கள். தேவையே இல்லை. தமிழில் அந்த வேலையை ‘உம்’ பார்த்துக்கொள்ளும்.

1. வினையெச்சத்தோடு, அதாவது ‘பெய்து’, ‘சொல்லி’ போல் முடியாமல் நிற்கும் வினைச்சொல்லோடு, ‘உம்’மைச் சேருங்கள். பெய்து + உம் = பெய்தும். வினையெச்சம் ‘இ’யில் முடிந்தால் நடுவில் ‘ய்’ வரும்: சொல்லியும், தூங்கியும்.

“அவ்வளவு மழை பெய்தும் குளிர்காலத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை.”

2. நடந்ததா, நடக்கலாமா? இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ‘பெய்தும்’ என்றால் மழை பெய்துவிட்டது. “நாளை மழை பெய்தும் போட்டி நடக்கும்” என்று எழுத முடியாது. ‘பெய்தாலும்’ என்றுதான் வர வேண்டும்.

நடந்து முடிந்ததற்கும் ‘பெய்தாலும்’ போடுகிறோமே என்று கேட்கலாம். தவறில்லை. ஆனால் ஆதங்கம் வராது. “எத்தனை தடவை சொல்லியும் கேட்கலையே” என்று அம்மா சொல்வதை நினைத்துப் பாருங்கள். ‘சொன்னாலும்’ என்று மாற்றினால் அந்தச் சூடு பாதியாகக் குறைந்துவிடும்.

திருவள்ளுவர் 140-ஆம் குறளில் “பலகற்றும் கல்லார்” என்கிறார். பல நூல்களைக் கற்றவர்கள், ஆனாலும் கல்லாதவர்கள். உலகத்தோடு ஒத்து வாழும் அறிவு அவர்களுக்கு இல்லை என்று அந்தக் குறளே காரணத்தையும் சொல்லிவிடுகிறது. இரண்டே சொல்லில் இத்தனை பெரிய முரணை அந்த ‘உம்’ தாங்கி நிற்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

3. ‘அதனால்’ போட்டுப் பாருங்கள். “மழை பெய்தும் குடை எடுத்துப் போனேன்.” இங்கே “மழை பெய்தது, அதனால் குடை எடுத்துப் போனேன்” என்பது சரியாகப் பொருந்துகிறது. அப்படியென்றால் முரணே இல்லை, ‘உம்’மை விட்டுவிட்டு ‘பெய்ததால்’ என்று எழுதுங்கள்.

4. எதிர்மறையில் கவனம். ‘படிக்காமலும்’ என்றால் “படிக்காமலும் எழுதாமலும்” என்று அடுக்குவதுபோல் ஆகிவிடும். ‘படிக்காவிட்டாலும்’ என்று எழுதுங்கள்.

அப்புறம், “மழை பெய்தும் ஆனால் குளம் நிரம்பவில்லை” என்று இரண்டையும் போடாதீர்கள். ‘உம்’ வந்த பிறகு ‘ஆனால்’ வேண்டாம்.

சரி, ஒரு பயிற்சி. “இரவு முழுக்கத் தூங்கினேன். களைப்பாக இருக்கிறது.” இதைச் சேர்த்தால்: “இரவு முழுக்கத் தூங்கியும் களைப்பு போகவில்லை.” பின்பாதியை ‘போகவில்லை’ என்று மாற்றியிருக்கிறேன், பாருங்கள். ‘தூங்கியும்’ என்று கேட்டதுமே காது ஓர் ‘இல்லை’யை எதிர்பார்க்கிறது.