பழைய கார் எஞ்சினை மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவது எப்படி?

மெல்பர்னில் வசிக்கும் என் அண்ணனிடம் 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 230இ ஒன்று இருக்கிறது. அதற்காகச் சிங்கப்பூரிலிருந்து முதலில் ஒரு கியர்பாக்ஸையும், அடுத்த ஆண்டு ஓர் எம்102 எஞ்சினையும் அனுப்பினேன். கியர்பாக்ஸ் உடைந்து போய்ச் சேர்ந்தது. எஞ்சின் ஒரு கீறலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டவற்றை, முதல்முறையாக அனுப்ப நினைப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். காரிலிருந்து எஞ்சினை இறக்கவும், எஞ்சின் கிரேனைக் கையாளவும் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன். அடுக்குமாடி வீட்டில் இந்த வேலையைச் செய்ய முடியாது. காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இரண்டு சனிக்கிழமைகளுக்கு இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கியர்பாக்ஸ் ஏன் உடைந்தது

அடியில் தடித்த நுரைப்பஞ்சை விரித்து, அதன்மேல் கியர்பாக்ஸை வைத்து, இரண்டு ராட்செட் பட்டைகளால் இறுக்கிக் கட்டி, சுற்றிலும் உறுதியான பலகைகளால் பெட்டி அடித்திருந்தேன். மெத்தென்ற படுக்கை பொருளைக் காக்கும் என்று நம்பினேன். கண்ணாடிக் குவளைக்கு அது பொருந்தும். கனமான உலோகத்துக்குப் பொருந்தாது. எடை தாங்காமல் நுரை நாளுக்கு நாள் அமுங்கியது. அமுங்கிய அளவுக்குப் பட்டைகள் தளர்ந்தன. தளர்ந்த பட்டைக்குள் கியர்பாக்ஸ் கப்பலின் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நகர்ந்து, மூலைக்கட்டையில் இடித்துக்கொண்டே சென்றது. “தம்பி, பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளேதான் ஒரு காது ஒடிந்திருக்கிறது” என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னார். பெல்ஹவுசிங்கை (கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூட்டை) எஞ்சினோடு பிணைக்கும் போல்ட் துளையுள்ள அலுமினியக் காது அது. அதை ஒட்டவைத்துப் பயன்படுத்த முடியாது.

பெட்டிச் சுவர்கள் தூசியையும் மற்றச் சரக்குகளின் இடியையும் தடுப்பதற்காக மட்டுமே. பொருளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியது அடித்தளம். சுவரே இல்லாமல் அந்த அடித்தளத்தை லாரியில் ஏற்றினாலும் எஞ்சின் அசையக் கூடாது என்ற எண்ணத்தோடு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் வடித்தலும் கழுவுதலும்

எஞ்சின் ஆயில், குளிர்நீர், எரிபொருள் குழாயிலும் ஃபில்டரிலும் தங்கிய பெட்ரோல் ஆகிய அனைத்தையும் வடித்துவிடுங்கள். உள்ளே பெட்ரோல் மிச்சமிருந்தால் அது ஆபத்தான சரக்கு என்ற வகைக்குள் சென்றுவிடும். அதற்குரிய தாள்களும் கட்டணமும் வேறு. ஸ்பார்க் பிளக்குகளை அதனதன் இடத்திலேயே விட்டு, மற்ற எல்லாத் துளைகளையும் பிளாஸ்டிக் மூடிகளால் அடைக்கவும். துணியைத் திணித்து அடைப்பதை நான் விரும்புவதில்லை. அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் கழுவும் வேலையில் அலட்சியம் வேண்டாம். மண், இலை, விதை ஆகியவற்றை அந்நாட்டு உயிரியல் பாதுகாப்பு அதிகாரிகள் அனுமதிப்பதில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னாலும் எஞ்சின் மவுண்டுகளின் இடுக்கிலும் எண்ணெயோடு சேர்ந்து இறுகிய மண் நிச்சயம் இருக்கும்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இன்னொரு பெரிய தடை. கல்நார் கலந்த எந்தப் பொருளையும் ஆஸ்திரேலியா 2003 டிசம்பர் 31 முதல் தடைசெய்திருக்கிறது. 1980களின் கேஸ்கெட்டுகளிலும் கிளட்ச் தகடுகளிலும் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே கிளட்சைக் கழற்றி எடுத்துவிட்டேன்; எல்லாக் கேஸ்கெட்டுகளையும் புதிதாக மாற்றி, வாங்கிய ரசீதையும், கல்நார் இல்லை என்று தயாரிப்பாளர் தந்த கடிதத்தையும் எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே அண்ணனின் சுங்க முகவருக்கு அனுப்பிவைத்தேன்.

அடித்தளம்

இங்கே நிதானமாகச் செல்லுங்கள். பன்னாட்டுச் சரக்கில் பயன்படும் மரத்தின் வழியே பூச்சிகள் பரவாமல் தடுக்க ஐஎஸ்பிஎம் 15 என்ற விதி உண்டு. வெப்ப முறையில் பதப்படுத்தும்போது மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் இடைவிடாமல் 30 நிமிடம் இருக்க வேண்டும். அதன்பின் கதிர்ச் சின்னம், நாட்டுக் குறியீடு, பதப்படுத்திய நிறுவனத்தின் எண், வெப்பப் பதப்படுத்தலைக் குறிக்கும் ‘எச்டி’ என்ற எழுத்துகள் ஆகியவை கொண்ட முத்திரை இடப்படும். பலரும் சறுக்குவது இங்கேதான்: முத்திரையுள்ள பழைய பேலட்டை (சரக்கு அடுக்கும் மரத் தட்டை) அறுத்துச் சொந்த அளவில் சட்டம் செய்தால், அந்த முத்திரை செல்லாது. மாற்றிக் கட்டிய மரத்தை மீண்டும் பதப்படுத்தி, மீண்டும் முத்திரையிட வேண்டும். சுங்கை காடுட் பகுதியில் மரப்பெட்டி செய்பவர்களிடம் அளவு கொடுத்து, முத்திரையோடு அடித்தளத்தை மட்டும் வாங்கினேன். சுவர்கள், மூடி, மூலைப் பட்டைகள் எல்லாவற்றையும் பிளைவுட்டிலேயே செய்தேன். பசை, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றால் உருவாவதால் பிளைவுட்டுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு.

அடித்தளத்தின் நீளம் 100 செண்டிமீட்டர், அகலம் 80 செண்டிமீட்டர். ஃபோர்க்லிஃப்டின் கரங்கள் நுழைய அடியில் 10 செண்டிமீட்டர் இடைவெளி விட்டேன். நான்கு பக்கமிருந்தும் கரம் நுழையும்படி செய்யச் சொல்லுங்கள். இரு பக்கம் மட்டும் வழி இருந்தால், அவசரத்தில் இருக்கும் ஓட்டுநர் மற்றப் பக்கத்திலிருந்து நெம்பித் தள்ளுவார்.

எஞ்சின் ஒருபோதும் அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்பின்மீது உட்காரக் கூடாது. எஞ்சின் மவுண்டுகள் பொருந்தும் இரு பக்கத் துளைகளுக்கும், பின்புறம் பெல்ஹவுசிங் பொருந்தும் முகத்துக்கும் ஏற்றபடி இரும்பு ஆங்கிளில் தாங்கிகளைப் பற்றவைத்து வாங்கினேன். சம்புக்கும் பலகைக்கும் இடையே மூன்று விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. தாங்கிகளை 12 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் அடித்தளத்தின் குறுக்குக் கட்டைகள் வழியே ஊடுருவிப் பொருத்தி, அடியில் அகன்ற வாஷரும் நைலான் வளையமுள்ள நட்டும் போட்டேன். மரத்தில் திருகும் ஸ்குரூக்களை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். அதிர்வில் அவை மரத்தைத் தின்றுகொண்டே தளரும். சாதாரண நட்டும் அதிர்வில் கழன்றுவிடக்கூடும்.

ஏன் இவ்வளவு உறுதி தேவை என்பதற்கு ஒரு கணக்கு. கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ, தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ, ஐரோப்பியப் பொருளாதார ஆணையமான யுஎன்இசிஇ ஆகிய 3 ஐநா அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட சரக்கு அடைப்பு நெறிமுறை, கொந்தளிப்பு மிகுந்த கடற்பகுதிகளில் பக்கவாட்டு விசை சரக்கின் எடையில் 0.8 மடங்கு வரை இருக்கும் என்று கொள்கிறது. என் எஞ்சின் தராசில் 170 கிலோ காட்டியது. அப்படியானால் 136 கிலோவுக்கு நிகரான இழுவை ஒரு பக்கமாக, பிறகு மறுபக்கமாக, நாள்கணக்கில் மாறிமாறி வரும்.

போல்ட்டுகளை முடுக்கியபின், கிரேனால் அடித்தளத்தின் ஒரு முனையை 15 செண்டிமீட்டர் தூக்கி, இரண்டு பேர் எஞ்சினைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். அடித்தளமும் எஞ்சினும் ஒரே பொருளாக ஆட வேண்டும். எங்களுக்கு முதல்முறை பின் தாங்கியிலிருந்து மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்டது. பலகைக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு நாணயத் தடிமனுக்கு இடைவெளி இருந்தது. இரும்புத் தகட்டுத் துண்டைச் செருகி மீண்டும் முடுக்கியபின் அந்த ஒலி நின்றது.

துருவும் சுவரும்

நம் ஊரின் வெக்கையும் ஈரமும் நிறைந்த காற்றோடு மூடப்படும் கன்டெய்னர், தெற்கே குளிர்ந்த கடலுக்குச் செல்லும்போது, அந்த ஈரம் கூரையில் நீராகப் படிந்து சொட்டும். எஞ்சினின்மேல் நேரடியாகப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே அடைத்துவிடுவீர்கள். துருத்தடுப்பு ஆவியை வெளியிடும் விசிஐ பையே என் தேர்வு. அதற்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, வாயை நன்றாக மூடி ஒட்டவும். மூடாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுவது வீண். ஓரிரு நாளில் அது நிறைந்துவிடும். தாங்கிகளின் போல்ட்டுகள் பையைத் துளைக்கும் இடங்களில் பியூட்டைல் டேப்பைச் சுற்றவும்.

சுவர்களுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். ஆணி வேண்டாம், டார்க்ஸ் தலையுள்ள (நட்சத்திர வடிவப் பள்ளம் கொண்ட) ஸ்குரூக்களே வேண்டும். சுங்க அதிகாரி திறந்து பார்த்தாலும் பலகை பிளக்காமல் மீண்டும் மூட முடியும். மொத்த எடை, ஈர்ப்பு மையம், மேல்நோக்கிய அம்புக்குறி, அனுப்புநர், பெறுநர் விவரங்கள் ஆகியவற்றை எதிரெதிரான இரு பக்கங்களிலாவது எழுதவும். மூடுவதற்கு முன் ஒவ்வொரு தாங்கியையும் மர முத்திரையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம், தாள்கள், காப்பீடு

என் பெட்டி 95 செண்டிமீட்டர் உயரம், 0.76 கன மீட்டர், மொத்தம் 250 கிலோ. பிறர் சரக்கோடு பகிர்ந்து செல்லும் கன்டெய்னரில், ஒரு கன மீட்டரையும் 1000 கிலோவையும் சமமாக வைத்து, கன அளவு, எடை ஆகிய இரண்டில் எது அதிகமாக வருகிறதோ அதற்குத்தான் கட்டணம். குறைந்தபட்சமாக ஒரு கன மீட்டருக்கு வாங்குவது வழக்கம். விமானத்தில் 6000 கன செண்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் 127 கிலோவே வரும், ஆனால் உண்மை எடை கூடுதலாக இருப்பதால் 250 கிலோவுக்குக் கட்ட வேண்டும். கப்பல்தான் சரி என்று முடிவு செய்தேன்.

சிங்கப்பூரின் இணையவழி வணிக அனுமதி முறையான டிரேட்நெட் வழியாக ஏற்றுமதி அனுமதியைச் சரக்கு முகவரே எடுப்பார். 1000 சிசிக்கு மேற்பட்ட பெட்ரோல் கார் எஞ்சினுக்கான சுங்க வகை எண் 8407.34. ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும்போது, மரமும் நிரப்புப் பொருளும் குறித்த அடைப்பு உறுதிமொழித் தாள் ஒன்றும் தேவை. வைக்கோலை எந்தக் காரணத்துக்காகவும் பெட்டிக்குள் போடாதீர்கள்.

காப்பீட்டில், சரக்குக் காப்பீட்டு விதிகளில் மிக விரிவான பாதுகாப்பு தரும் ‘ஏ’ வகை விதிகளைக் கேளுங்கள். பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடு 10 விழுக்காடு சேர்த்துக் காப்பீடு செய்வது வழக்கம். ஆனால் போதாத அடைப்பால் நேரும் சேதத்தை அந்த ‘ஏ’ வகையும் ஏற்காது. கியர்பாக்ஸுக்கு நான் ஒரு வெள்ளிகூடப் பெறாததற்கு அதுவே காரணம். தாங்கிகளைப் படம் எடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

பின்சேர்க்கை

இதை வாசித்த ஒருவர், இடம் மிச்சமிருக்கிறதே என்று பேட்டரியையும் ஸ்டியரிங் ஏர்பேக்கையும் அதே பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார். கூடாது. அமிலப் பேட்டரியும் ஏர்பேக்கும் தனித்தனி ஐநா எண் கொண்ட ஆபத்தான சரக்குகள். அறிவிக்காமல் வைத்தால் முழுப் பெட்டியும் கிடங்கிலேயே நிறுத்தப்படலாம்.

இன்னொருவருடைய பெட்டி நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோதுதான் சேதத்தைக் கண்டார். பெறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: வெளியே தெரியும் சேதத்தைக் கையெழுத்திடும் முன் ரசீதிலேயே எழுத வேண்டும், வெளியே தெரியாததை 3 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பெட்டி வந்த அன்றே முன்பலகையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி, டார்க்ஸ் முனை ஒன்றையும் உறையில் போட்டுப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டி அனுப்புகிறேன்.