பொடுதலையை விதையிலிருந்து வளர்த்துத் தரையை மூடுதல்

தரையோடு ஒட்டிப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, ஒருமுறை நிலைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும் செடி பொடுதலை. வாய்க்கால் கரையிலும் ஈரம் தங்கும் புல்வெளியிலும் தானாகவே முளைத்துக் கிடப்பதால் இதைக் களை என்று ஒதுக்குவோரே மிகுதி. ஆனால் வெயில் படும் வெற்றுத்தரையைப் பூவோடு மூட விரும்புவோருக்கு இதைவிடப் பொறுமையான செடி எளிதில் அமையாது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு வெர்பினா நோடிஃப்ளோரா என்று பெயரிட்டார். பின்னர் ஃபைலா என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டு, இன்று ஃபைலா நோடிஃப்ளோரா என்று வழங்குகிறது. நோடிஃப்ளோரா என்றால் கணுவில் பூப்பது என்று பொருள். வளர்ப்பவர் மனத்தில் இருத்த வேண்டியதும் அதுதான்: கணுக்கள் பெருகப் பெருக வேரும் பெருகும், பூவும் பெருகும்.

தண்டை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும் செடியை எதற்காக விதையிட்டு வளர்க்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. சிறிய இடத்தை விரைவில் மூட வேண்டியவர் தண்டையே நடலாம். ஆயினும் ஒரே செடியிலிருந்து வெட்டிய தண்டுகள் அனைத்தும் அச்செடியின் நகல்களே. அதற்கு ஒத்துவராத மண்ணும் அதைச் சாய்க்கும் நோயும் படுகை முழுவதையும் ஒருசேரப் பாதிக்கும். விதைவழி வந்த செடிகள் தமக்குள் சிறிதேனும் வேறுபடும். எது அந்த இடத்துக்குப் பொருந்துகிறதோ அது முன்னேறிச் செல்லும். பெரிய பரப்பை மூடி, பல ஆண்டுகள் வைத்திருக்க எண்ணுபவருக்கு விதைவழியே நல்லது என்பது என் கருத்து. ஜப்பானில் உருவாக்கப்பட்ட குராபியா போன்ற தரைமூடி வகைகள் முளைக்கும் விதையைத் தருவதில்லை. ஆகவே இயல்பாக வளர்ந்து கிடக்கும் செடியிலிருந்தே விதை எடுக்க வேண்டும்.

விதை எடுக்கும் பருவத்தைப் பூங்கொத்தே காட்டிக்கொடுக்கும். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் கிளம்பும் நீண்ட காம்பின் நுனியில், தீக்குச்சியின் தலையைப் போல் ஒரு சிறு உருண்டை இருக்கும். அதைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால், நுனியில் கருஞ்சிவப்பாக நெருங்கிய மொட்டுகளும், அதன் கீழே வளையமாக மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவிலான வெளிர்ப்பூக்களும், அதற்கும் கீழே பூத்து முடிந்து பழுப்பேறிய பகுதியும் தெரியும். பூ கீழிருந்து மேல்நோக்கி மலர்ந்துகொண்டே போவதால் உருண்டை மெல்ல நீண்டு உருளையாகிறது. அந்தப் பூ வளையம் நுனியைத் தொட்டு மறைந்து, கொத்து முழுவதும் பழுப்பாகி, விரல்களுக்கிடையே உருட்டினால் பொடிந்து உதிரும் நிலையே அறுவடைக்கு உரியது. பச்சை மிச்சமிருக்கும்போது பறித்தால் பாதிக்கு மேல் பதராகவே இருக்கும். ஒவ்வொரு சிறு கனியும் இரண்டாகப் பிளந்து, ஒருபுறம் தட்டையும் மறுபுறம் உப்பலுமான, ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் இரண்டு பழுப்பு விதைகளைத் தரும்.

பறித்த கொத்துகளைக் காகிதத்தில் பரப்பி ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்து, காற்று வீசாத இடத்தில் முறத்தில் இட்டு மென்மையாகப் புடைக்க வேண்டும். முற்றிலும் தூய்மையாக வேண்டும் என்று முயன்றால் விதையும் தூசோடு பறந்துவிடும். சிறிது உமி கலந்திருப்பதால் குறைவில்லை. விதைக்கும் முன் 50 விதைகளை எண்ணி, ஈரக்காகிதத்தின்மேல் வைத்து, ஒளி படும் வெதுவெதுப்பான இடத்தில் மூடி வைத்தால், மூன்று வாரத்துக்குள் முளைப்புத்திறன் தெரிந்துவிடும். அதைப் பொறுத்து விதையளவைக் கூட்டலாம்.

நேரடியாகத் தரையில் தூவுவதைவிட, தட்டில் நாற்று வளர்த்து நடுவதையே நான் வலியுறுத்துவேன். இவ்வளவு சிறிய விதை முதல் சில வாரங்களில் மழைத்துளிக்கும் எறும்புக்கும் களைக்கும் ஈடுகொடுக்க முடியாது. தென்னைநார்க் கழிவும் சலித்த மட்கிய உரமும் ஆற்றுமணலும் சமபங்கு கலந்த கலவை போதுமானது. பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டி நிலைக்கும் பருவம் வரும்வரை காத்திருப்பது நல்லது. குளிரில் இட்ட விதை ஈரத்தில் கிடந்து வீணாகும். கலவையைத் தட்டில் நிரப்பி, பலகையால் அழுத்திச் சமன்செய்து, விதைக்கு முன்பே நன்றாக நனைத்துவிட வேண்டும். விதையோடு பத்து மடங்கு உலர்மணலைக் கலந்து, இரு விரல்களால் உப்புத் தூவுவதுபோல் தூவிய பின், மேலே மண் எதையும் இடாமல் பலகையால் மறுபடி மெல்ல அழுத்தினால் போதும்.

இங்குதான் பெரும்பாலான முயற்சிகள் தோற்கின்றன. விதை என்றால் மண்ணுக்குள் புதைய வேண்டும் என்ற பழக்கத்தில், நானும் முதல்முறை ஒரு விரற்கடை கலவையை மேலே பரப்பினேன். நாற்பது நாள் நீர் ஊற்றியும், தட்டின் விளிம்பில் மண் சரிந்து விதை வெளியே தெரிந்த ஓரிடத்தில் மட்டுமே ஏழெட்டு முளைகள் வந்தன. இத்தகைய நுண்விதைக்குள் இருக்கும் சேமிப்பு மிகச் சொற்பம்; ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் அது தீர்ந்துபோகும். ஒளி படும்படி மேற்பரப்பிலேயே கிடப்பதுதான் அதற்கு ஏற்றது.

மேலே கிடக்கும் விதை விரைவில் காய்ந்துவிடும் என்பது இதன் மறுபக்கம். ஆகவே ஒளி ஊடுருவும் மூடியால் தட்டை மூடி, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்து, பூவாளியால் ஊற்றாமல், தட்டை ஆழமற்ற நீரில் கால் மணி நேரம் நிறுத்தி அடியிலிருந்து ஈரம் ஏறவிட வேண்டும். முளை தெரிந்ததும் மூடியை நாளுக்கு நாள் அதிகம் திறந்து, ஒரு வாரத்தில் முற்றாக நீக்கிவிட வேண்டும். காற்றோட்டமின்றி மூடியே வைத்தால் நாற்றழுகல் நோய் வந்து, காலையில் நிமிர்ந்து நின்ற நாற்றுகள் மாலைக்குள் அடித்தண்டு நைந்து சாயும். சாய்ந்த இடத்தைச் சுற்றியுள்ள கலவையோடு வழித்தெடுத்து, மேற்பரப்பை ஒரு நாள் உலரவிடுவதே முதல் மருத்துவம்.

நாற்று முதல் மாதத்தில் வளர்வதாகவே தோன்றாது. முதலில் தோன்றும் விதையிலைகளுக்குப் பின் இரண்டு சோடி உண்மையிலைகள் வந்ததும், இலையைப் பிடித்துத் தூக்கி, குழித்தட்டில் குழிக்கு ஒன்றாக மாற்றலாம். தண்டைப் பிடித்தால் நசுங்கிவிடும். பொடுதலை இலையின் அடிப்பகுதி பல்லின்றிக் காம்பை நோக்கி ஒடுங்கியும், மேல்பாதி விளிம்பு மட்டும் பற்களோடும் இருக்கும். இந்த அடையாளத்தைக் கண்ணில் பதித்துக்கொண்டால், தட்டில் கூடவே முளைத்த களைகளைத் தயக்கமின்றி நீக்கலாம்.

நாற்று வளரும் இந்த இரண்டு மாதங்கள் நிலத்துக்கு உரியவை. உண்மையில் விதைப்பதைவிட இது முக்கியமான வேலை. படர்ந்துவிட்ட பொடுதலை புதுக்களையை அடக்கும், ஆனால் மண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கும் கோரைக்கிழங்கையும் அருகம்புல்லின் வேர்த்தண்டையும் அதனால் வெல்ல முடியாது. படர்ந்த பிறகு அவற்றைப் பிடுங்கினால் பொடுதலையும் சேர்ந்து பிய்ந்து வரும். எனவே நிலத்தைக் கொத்தி, கிழங்குகளையும் வேர்த்தண்டுகளையும் கையால் பொறுக்கி, நீர் பாய்ச்சி, முளைக்கும் களையைப் பூக்குமுன் மேலோட்டமாகச் சுரண்டி எடுத்து, மறுபடி நீர் பாய்ச்சி, இன்னொருமுறை சுரண்ட வேண்டும். இரண்டாம் சுற்றில் ஆழமாகக் கொத்தக் கூடாது. கொத்தினால் அடியில் உறங்கும் களைவிதை புதிதாக மேலே வரும். கடும்வெயில் காலமானால், நனைத்த நிலத்தைத் தெளிவான பிளாஸ்டிக் தாளால் இழுத்து மூடி, ஓரங்களை மண்ணால் அடைத்து, ஆறு வாரம் விட்டால் வெப்பமே பெரும்பகுதி களைவிதைகளைக் கொன்றுவிடும். கோரைக்கு மட்டும் அது போதாது. கையால் பொறுக்குவதற்கு மாற்றில்லை.

நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடமாக இருக்கட்டும். நிழலில் செடி உயிரோடு இருக்கும், பூ குறையும். 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 நாற்றுகள் தேவைப்படும். நட்ட முதல் மாதம் மேல்மண் காயாதபடி நீர் விட்டு, ஓடுதண்டுகள் நீண்டதும் அவற்றைத் தூக்கி வெற்றிடத்தை நோக்கித் திருப்பி, ஒரு கணுவின்மேல் கைப்பிடி மண்ணோ சிறு கல்லோ வைத்துவிடுங்கள். சில நாட்களில் அக்கணு வேரூன்றி, அங்கிருந்து இருபுறமும் புதுத்தண்டுகள் கிளம்பும். வெப்பப் பருவத்தில் மூன்று நான்கு மாதங்களில் இடைவெளிகள் மூடிக்கொள்ளும்.

மூடிய பின் உரம் அநேகமாகத் தேவையில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்துப் பூ குறையும். வேர் ஆழமிறங்கிய செடி வறட்சியையும் சிலநாள் தேங்கும் நீரையும் தாங்கும். கடும்பனி விழும் இடங்களில் மேற்பகுதி பழுத்துக் கருகினாலும், வெப்பம் திரும்பியதும் கணுக்களிலிருந்து மறுபடி துளிர்க்கும். பூக்காலத்தில் தேனீக்கள் தரைமட்டத்திலேயே மொய்ப்பதால், குழந்தைகள் வெறுங்காலோடு நடக்கும் பாதையை ஒட்டிய பகுதியை மட்டும் 5 சென்டிமீட்டர் உயரத்தில் கத்தரித்துப் பூவை நீக்கிவிட்டு, மற்ற இடத்தைத் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் விட்டுவிடலாம்.

எல்லையை மறக்கக் கூடாது. இதன் நெருங்கிய உறவான ஃபைலா கேனெசென்ஸ், ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் வெள்ளநீரோடு பரவி மேய்ச்சல் நிலங்களை ஆக்கிரமித்திருக்கிறது. பொடுதலையின் துண்டுத் தண்டும் நீரில் மிதந்து சென்று வேரூன்றக்கூடியதே. ஆகவே உங்கள் பகுதியில் இது இயல்பாக வளரும் செடிதானா என்பதை உறுதிசெய்துகொண்டு நடுங்கள். படுகையின் விளிம்பில் ஒரு சாண் ஆழத்துக்குச் செங்கல்லைப் பதித்து, அதைத் தாண்டும் தண்டுகளை மாதம் ஒருமுறை வெட்டி, வெட்டியவற்றை வாய்க்காலில் எறியாமல் வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே குப்பைக்குழியில் இடுங்கள்.