ஆழ்கடல் இறாலை இனங்காணல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

திருகோணமலைத் துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கிச் செல்கிறது. ஆழ்கடல் இவ்வளவு அண்மையில் இருந்தும், எமது சந்தைக்கு ஆழ்கடல் இறால் வருவதில்லை. கொட்டியாரக் குடாவில் பிடிபடுபவை ஆழங்குறைந்த நீரில் வாழும் இறால்களே. கடலடியில் இழுக்கும் மடிவலையும் இலங்கையில் 2017ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே, இங்குள்ள மாணவர் ஒருவர் ஆழ்கடல் இறாலை ஆய்வுக் கப்பல்களின் சேகரிப்பிலோ, கேரளத்தின் கொல்லத்திலும் தமிழகத்தின் தூத்துக்குடியிலும் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களிலோ, பெரிய மீன்களின் இரைப்பையிலோதான் பெரும்பாலும் காண நேர்கிறது.

இந்த விளக்கம் ஹெட்டரோகார்ப்பஸ் வூட்மேசோனி என்ற ஓர் இனத்தை இலக்காகக் கொண்டது. இதில் முதற்சொல் சாதியின் (நெருங்கிய இனங்களின் தொகுதியின்) பெயர், இரண்டாவது சொல் இனத்தைக் குறிப்பது. இந்தியக் கடல்களை அளவிட்ட 'இன்வெஸ்டிகேட்டர்' கப்பலில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் பணியாற்றிய அல்ஃப்ரெட் அல்காக் 1901இல் இதனை விவரித்தார். இதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதன் முதன்மை அடையாளம் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்பதுதான். ஆனால் அந்த அடையாளத்துக்கு நேரே தாவக்கூடாது. முதலில் பெரும்பிரிவு, பின்னர் குடும்பம், அதன்பின் சாதி, இறுதியில் இனம் என்று படிப்படியாகவே இறங்க வேண்டும். எந்தப் படியில் உறுப்பு உடைந்தோ மறைந்தோ இருக்கிறதோ, அந்தப் படியிலேயே பெயரையும் நிறுத்திவிட வேண்டும்.

தேவையானவை அதிகமில்லை: பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை, நுனி கூரிய இடுக்கி, வேணியர் இடுக்கிமானி, வெள்ளைத் தட்டு, பென்சில். நுணுக்குக்காட்டி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் சாதி வரையேனும் செல்லலாம்.

படி 1: தெரிந்த இறாலில் பழகுதல்

ஆழ்கடல் மாதிரியைத் தொடுமுன் சந்தைக்குச் சென்று இரண்டு இறால்களை வாங்குங்கள். ஒன்று கடலில் பிடித்த வெள்ளை இறால். மற்றது குளங்களில் குஞ்சாக விடப்பட்டு வளரும், நீண்ட நீலக் கால்களையுடைய நன்னீர் இறால். இரண்டையும் தலை நீக்காமல், உரிக்காமல், சமைக்காமல் பக்கவாட்டில் கிடத்துங்கள்.

இறாலின் முன்பகுதியை மூடியிருப்பது தலைமார்பு ஓடு. அதன் பின்னால் ஆறு வயிற்றுக் கண்டங்கள் உள்ளன. ஒவ்வொரு கண்டத்தின் ஓடும் முதுகிலிருந்து இருபுறமும் தொங்கி, பக்கத் தகடாக முடிகிறது. இரண்டாவது கண்டத்தின் பக்கத் தகட்டைக் கவனியுங்கள். வெள்ளை இறாலில் அது தனக்கு முன்னுள்ள முதலாம் தகட்டின் மேல் படிவதில்லை. வீட்டுக் கூரையின் ஓடுகளைப் போல ஒவ்வொரு தகடும் அடுத்ததை ஒரே திசையில் மூடிச் செல்கிறது. நன்னீர் இறாலிலோ இரண்டாம் தகடு அகன்று, முன்னுள்ள முதலாம் தகட்டையும் பின்னுள்ள மூன்றாம் தகட்டையும் ஒருங்கே மூடியிருக்கும். முன்னது பீனியிட் பிரிவு, பின்னது காரிடியன் பிரிவு. ஆழ்கடலிலும் இவ்விரு பிரிவுகளும் கலந்தே வாழ்கின்றன. ஹெட்டரோகார்ப்பஸ் காரிடியன் பிரிவைச் சேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவியே இந்த வேறுபாட்டைச் சொல்லும் வரை பழகுங்கள், ஏனெனில் அடுத்த படிகள் அனைத்தும் இதன் மேல்தான் நிற்கின்றன.

இதே தருணத்தில் கால்களையும் எண்ணிவிடலாம். பீனியிட் இறாலின் ஐந்து சோடி நடைகால்களில் முதல் மூன்று சோடிகளின் நுனியில் கவ்விகள் இருக்கும். காரிடியன் இறாலில் மூன்றாம் சோடியில் கவ்வி இருப்பதில்லை. காரிடியன் பெண் இறால் முட்டைகளை வயிற்றின் அடியில் நீந்துகால்களுக்கிடையே சுமக்கும். பீனியிட் பெண் முட்டைகளைக் கடலில் விட்டுவிடும். எனவே வயிற்றில் முட்டைத் திரளைக் கண்டால் பிரிவு உறுதியாகிறது. முட்டை இல்லாமை எதையும் நிறுவுவதில்லை.

படி 2: மாதிரியின் நிறத்தைப் பதிவுசெய்தல்

மாதிரி கிடைத்தவுடன், பனிக்கட்டியில் வைத்திருக்கும்போதே, இரு பக்கங்களையும் முதுகையும் அளவுகோலுடன் ஒளிப்படம் எடுங்கள். அதன்பின்பே எதனோலில் இடுங்கள். எதனோலில் சிவப்பு நிறம் கரைந்து, சில வாரங்களில் உடல் வெளிறிவிடும். போமலினைத் தவிர்ப்பது நல்லது. அது மரபணுச் சோதனைக்கான வாய்ப்பைக் கெடுத்துவிடுகிறது.

நிறத்தைப் பதிவுசெய்யச் சொல்லும் நானே, நிறத்தை நம்பிப் பெயரிட வேண்டாம் என்றும் சொல்வேன். கடல்நீர் சிவப்பு ஒளியை மேற்பரப்புக்கு அருகிலேயே உறிஞ்சிவிடுவதால், ஆழத்தில் சிவப்பு உடல் கருமையாகவே தெரியும். அந்த மறைவின் பயனை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவற்ற பல குடும்பங்கள் தனித்தனியே பெற்றிருக்கின்றன. ஏரிஸ்டியஸ் அல்காக்கி என்ற பீனியிட் இறாலும் சிவப்பு, அகாந்தெஃபைரா சாதியின் காரிடியன் இறால்களும் சிவப்பு. சாம்பல் நிற வெள்ளை இறாலும் வெந்தால் சிவக்கிறது, ஏனெனில் அஸ்டாசாந்தின் என்ற நிறப்பொருள் அதன் ஓட்டிலும் புரதத்துடன் பிணைந்து ஒளிந்திருக்கிறது.

படி 3: குடும்பத்தை அறிதல்

மாதிரி காரிடியன் என்று உறுதியானபின் முதலிரு சோடி நடைகால்களுக்கு வாருங்கள். தொடக்கநிலையினர் பலர் தவறவிடும் இடம் இதுவாகையால், சற்று நேரம் செலவிடுவது தகும்.

ஹெட்டரோகார்ப்பஸ் அடங்கும் பாண்டலிடே குடும்பத்தில், முதற்சோடிக் கால் மெலிந்து கூராக முடியும். கவ்வி இருந்தாலும் நுணுக்குக்காட்டியில்தான் தெரியுமளவு சிறியது. இரண்டாம் சோடிக் காலில் சிறு கவ்வி உண்டு. அதற்கு முன்னுள்ள மணிக்கட்டுப் பகுதி ஒரே துண்டாக இராமல், பல சிறு வளையங்களாகப் பிரிந்திருக்கும். கைவில்லையின் கீழ் காலை மெல்லச் சுழற்றி, ஒளி சாய்வாக விழும்படி வைத்தால் வளையங்களுக்கிடையிலான கோடுகள் தெரியும். ஹெட்டரோகார்ப்பஸில் இடது வலது இரண்டாம் கால்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று நீண்டு மெலிந்து அதிக வளையங்களுடனும், மற்றது குட்டையாகத் தடித்துக் குறைந்த வளையங்களுடனும் இருக்கும். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து எண்ணிக்கையை எழுதிவிடாதீர்கள்.

இங்கே குழப்புவது அகாந்தெஃபைரா. அதுவும் காரிடியன், அதன் முதுகிலும் வயிற்றுக் கண்டங்களின் பின்விளிம்பில் முட்கள் உண்டு, தொலைவிலிருந்து எடுத்த ஒளிப்படத்தில் ஹெட்டரோகார்ப்பஸாகவே தோன்றும். ஆனால் அதன் முதலிரு சோடிக் கால்களிலும் கவ்விகள் தெளிவாகத் தெரியும். மணிக்கட்டு வளையங்களாகப் பிரிந்திருக்காது. நடைகால்களின் அடியிலிருந்து மெல்லிய துணைக்கிளை ஒன்று வெளிப்படும். ஹெட்டரோகார்ப்பஸின் நடைகால்களில் அத்தகைய துணைக்கிளை இல்லை. சூரை போன்ற மீன்களின் இரைப்பையிலிருந்து கிடைத்த மாதிரியென்றால், அகாந்தெஃபைராவையும் அதன் உறவினங்களையும் முதலில் ஐயுறுங்கள். அவை நடுநீரில் நீந்துபவை. ஹெட்டரோகார்ப்பஸ் கடலடியை ஒட்டி வாழ்வது.

படி 4: சாதியை அறிதல்

தலைமார்பு ஓட்டின் பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஹெட்டரோகார்ப்பஸில் அங்கே முன்னிருந்து பின்னாகச் செல்லும் நீளமான வரம்புகள் புடைத்திருக்கும், அந்த ஓடும் கடினமானது. அதே குடும்பத்தின் பிளெசியோனிகா சாதியில் பக்கங்கள் வழவழப்பாக இருக்கும். எனது அனுபவத்தில் இது கண்ணைவிட நகத்துக்கே முதலில் அகப்படும் அடையாளம்.

படி 5: இனத்தை அறிதல்

இப்போது வயிற்றின் மூன்றாம் கண்டத்தை நேர்பக்கவாட்டில் பாருங்கள். கண்டங்களை முன்னிருந்து எண்ணும்போது முதலாவது கண்டம் தலைமார்பு ஓட்டின் கீழ் பாதி மறைந்திருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அதனை விட்டுவிட்டு எண்ணினால் முடிவு முழுவதும் பிழைத்துவிடும்.

வூட்மேசோனியில், மூன்றாம் கண்டத்தின் முதுகு வரம்பின் நடுவிலிருந்து கூரிய பல் ஒன்று எடுப்பாக உயர்ந்து நிற்கும். 1888இல் விலங்கியலாளர் ஸ்பென்ஸ் பேட் விவரித்த ஹெட்டரோகார்ப்பஸ் கிப்போசஸில் முட்கள் மூன்றாம், நான்காம் கண்டங்கள் இரண்டிலும் உள்ளன. அவை நடுவில் எழாமல், பின்விளிம்பிலிருந்து வால் நோக்கி நீளும். அதே ஆண்டில் அவரே விவரித்த லெவிகேட்டஸ் இனத்தில் இக்கண்டங்களின் பின்விளிம்பில் முட்கள் இல்லை. ஆகவே கேட்க வேண்டியது முள் உண்டா என்பது மட்டுமன்று. எந்தக் கண்டத்தில், அதன் எந்த இடத்தில், எத்திசை நோக்கி என்பதுமாகும்.

பின்விளிம்பில் முள் இருக்கிறது என்பதாலேயே கிப்போசஸ் என்று எழுதிவிடவும் கூடாது. என்சிஃபர் என்ற இனத்திலும் அவ்வாறே உண்டு. இச்சாதியில் 2010இல்கூடப் புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. முள் உடைந்திருந்தால், உடைந்த அடித்தழும்பு நடுவிலா விளிம்பிலா என்று நுணுக்குக்காட்டியில் தேடுங்கள். தழும்பும் தெளிவாக இல்லையெனில் 'ஹெட்டரோகார்ப்பஸ் சாதி, இனம் அறியப்படவில்லை' என்று எழுதுங்கள். அத்தகைய குறிப்பு, துணிந்து எழுதிய பிழையான பெயரைவிட அடுத்த ஆய்வாளருக்கு எவ்வளவோ பயன்படும்.

தலைமார்பு ஓட்டிலிருந்து கண்களுக்கிடையே முன்னோக்கி நீளும் நெற்றிக் கொம்பின் நீளத்தை இனத்துக்கான தனிச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அது நுனியில் எளிதில் முறியும்; ஏரிஸ்டியஸ் போன்ற சில சாதிகளில் முதிர்ந்த ஆணுக்குக் குட்டையாகவும் பெண்ணுக்கு நீளமாகவும் இருக்கும். கொம்பின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் உள்ள பற்களைத் தனித்தனியே எண்ணி எழுதுங்கள். தலைமார்பு ஓட்டின் மேலேயே அமைந்த பற்களையும் அந்த எண்ணிக்கையில் பிரித்துக் காட்டுங்கள்.

படி 6: அளவும் சீட்டும்

உடலின் முழு நீளம் வளைவாலும் உடைவாலும் மாறும். அதனால் கட்குழியின் பின்விளிம்பிலிருந்து தலைமார்பு ஓட்டின் பின்விளிம்பு நடுப்புள்ளி வரையான நீளத்தை மில்லிமீட்டரில் அளவிடுங்கள். பிடித்த நாள், அகலக்கோடு, நெடுங்கோடு, ஆழம், வலையில் பிடித்ததா பொறிக்கூட்டில் பிடித்ததா என்பவற்றைத் தடித்த தாளில் பென்சிலால் எழுதி, போத்தலுக்கு உள்ளேயே இடுங்கள். பேனா மை எதனோலில் கரைந்துவிடும். மீனின் இரைப்பையிலிருந்து எடுத்ததாயின் அந்த மீனின் பெயரை எழுதி, ஆழம் என்ற இடத்தை வெறுமையாக விடுங்கள். மீன் பிடிபட்ட ஆழம் இறால் வாழ்ந்த ஆழமாகிவிடாது. நீந்துகால் ஒன்றை மட்டும் பிரித்துத் தனிக் குப்பியில் செறிந்த எதனோலில் வைத்து, இரு குப்பிகளுக்கும் ஒரே இலக்கத்தை இட்டால், பின்னர் மரபணுச் சோதனைக்கு அனுப்பும்போது முழு மாதிரியையும் சிதைக்க நேராது.