நினைவுத் தேநீர் விருந்து: நாங்கள் சறுக்கிய இடங்கள்

அக்கா போய் ஓராண்டு நிறையப்போகும் நேரத்தில், அவள் பெயரில் ஒரு தேநீர் விருந்து வைத்து, வருகிற பணத்தை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டு அமைப்பு ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. தேநீர்தானே, என்ன பெரிய வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கூட்டம் முடிந்து, நன்கொடைப் பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டார்: "அவளோடு வேலை பார்த்தவர்கள் வந்திருந்தார்களாமே, யார் அவர்கள்?" மூன்று மணி நேரமும் கூடத்துக்கும் அடுப்புக்கும் இடையே நடந்துகொண்டிருந்தவர் ஒருவரையும் பார்க்கவில்லை. பணம் நினைத்ததைவிட நன்றாகவே சேர்ந்திருந்தது. ஆனால் யாருக்காக அந்தக் கூட்டமோ, அவர் அங்கே இல்லாமலே அது நடந்து முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் தெரிந்தவர்கள் வீடுகளில் இப்படி மூன்று நான்கு விருந்துகளுக்கு உதவியிருக்கிறேன். நினைவு கூர்வது ஒரு காரியம், நிதி திரட்டுவது வேறொரு காரியம். இரண்டையும் ஒரே மேசையில் வைக்கிறோம் என்பதை மறப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

முதல் தவறு, எங்களுடையதேதான்: இழப்புக்கு மிக நெருக்கமானவரை வேலைக்காரராக்குவது. "வேலை செய்தால் மனசு கொஞ்சம் மாறும்" என்று அவரே சொல்வார். முந்தின வாரம் வரை அது சரி. அழைப்பு எழுதட்டும், படம் தேர்ந்தெடுக்கட்டும். அன்றைக்கு மட்டும் அவர் கையில் தட்டு இருக்கக் கூடாது. தேநீருக்கு ஒருவர், பணத்துக்கு இருவர், வாசலில் வரவேற்க ஒருவர், பாத்திரம் கழுவ இருவர் என்று குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று இறப்புக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சொல்லியிருப்பார்கள். அதை இப்போது எடுத்துப் பயன்படுத்துங்கள், சந்தோஷமாக வருவார்கள். நெருக்கமானவர் நடுவில் எழுந்து போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார ஓர் அறையும் இருந்தால் நல்லது.

தேதி விஷயத்தில் அவசரம் வேண்டாம். இறந்த நாளன்றுதான் வைக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த நாளைத் தாங்கவே சிலருக்குத் தெம்பு இருக்காது. பிறந்த நாளுக்கு அருகில் வருகிற விடுமுறை நாள் பல வீடுகளுக்கு எளிதாக இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவர் வேண்டாம் என்று முகம் சுளித்தால், அவரைச் சமாதானம் செய்வதைவிட இரண்டு மாதம் தள்ளிப்போடுவது மேல்.

பணம் என்று வரும்போதுதான் நல்ல மனசுக்காரர்களும் சிக்கிக்கொள்கிறார்கள். நாங்கள் அமைப்பிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்கள் சின்னத்தை அழைப்பிதழில் அச்சடித்துவிட்டோம். யாரோ அதை அவர்களுக்கு அனுப்பிவைக்க, அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார். கோபப்படவில்லை. ஆனால் "உங்கள் நன்கொடையில் ஒரு கட்டில் வாங்கப்படும்" என்று நாங்கள் எழுதியிருந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். ஒரு பொருளுக்கென்று சொல்லி வசூலித்த பணத்தை வேறொன்றுக்குச் செலவிட முடியாது. வசூல் குறைந்தால் அந்தக் கட்டிலும் வராது, பணமும் முடங்கிக் கிடக்கும் என்று விளக்கினார். "நோயாளிகள் பராமரிப்புப் பணிக்காக" என்று பொதுவாக எழுதியிருந்தால் முடிந்திருக்கும். ஆகவே அழைப்பு அச்சாவதற்கு முன்பே அமைப்பை அழைத்துப் பேசுங்கள். பெயரைப் பயன்படுத்தலாமா, பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும், ரசீது யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். பல அமைப்புகள் அனுமதிக் கடிதம், பூட்டிய உண்டியல், துண்டுப் பிரசுரம் எல்லாம் கொடுக்கும்.

பணத்தை உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வாங்காதீர்கள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதல்ல விஷயம், மூன்று மாதம் கழித்து உங்களுக்கே எது எது என்று தெரியாது. இணையவழி அனுப்புபவர்கள் நேராக அமைப்பின் கணக்குக்கே அனுப்பட்டும். குறிப்புப் பகுதியில் இறந்தவர் பெயரைப் போடச் சொன்னால் அமைப்பு தனியாகக் கணக்குச் சொல்லும். நடுவில் ஏதாவது நன்கொடைத் தளம் இருந்தால் அது எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்று முன்பே பாருங்கள். கியூஆர் கோடு ஒட்டினால், ஒட்டிய பிறகு இரண்டு வெவ்வேறு போனில் சிறு தொகை அனுப்பிச் சரியான இடத்துக்குப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரொக்கத்தை ஒரே வீட்டைச் சேராத இரண்டு பேர், அந்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன், நோட்டு வாரியாக எண்ணி எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரி எண்ணிக்கொள்ளலாம் என்பது பிறகு வருத்தப்படவைக்கும் யோசனை.

செலவு இன்னொரு கண்ணி. கூட்டம் முடியும்போது உற்சாகத்தில் மொத்த வசூலை மைக்கில் சொல்லிவிட்டோம். அப்புறம் கூடத்துக்கும் கோப்பைகளுக்கும் கொடுத்தது போக அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது அதைவிடக் குறைவு. மீதி எங்கே என்று பெரியப்பாவே கேட்டார், சும்மா தெரிந்துகொள்ளத்தான், ஆனாலும் சுருக்கென்று இருந்தது. செலவை வீடு ஏற்கிறதா, வசூலிலிருந்து கழிக்கிறீர்களா என்பதை முன்பே முடிவுசெய்து அழைப்பிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். முடிந்தால் வீடே ஏற்பது நல்லது, கேள்விக்கே இடமிருக்காது. டிக்கெட் வைத்து ஆட்களை வரவழைத்தால், டிக்கெட் விலை வேறு, நன்கொடை வேறு. வரிச்சலுகைக்கு இரண்டும் ஒன்றாகக் கணக்காகும் என்று நீங்களாக வாக்குக் கொடுக்காதீர்கள். பரிசுக் குலுக்கல் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பல நாடுகளில் அது சூதாட்டச் சட்டத்துக்குள் வருகிறது, அனுமதி வேண்டியிருக்கலாம். விசாரிக்காமல் சீட்டு அடிக்க வேண்டாம்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வாசலை மறித்து வைத்தால், வெறுங்கையோடு நினைவுக்காக மட்டும் வந்தவர் அங்கேயே குன்றிப்போவார். போகிற வழியில், சற்று ஒதுக்கமாக வையுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்று பெயரும் தொகையுமாக வாசிப்பதை எந்தக் காரணம் சொல்லியும் செய்யாதீர்கள்.

இனி தேநீர். நூறு பேர் என்று வையுங்கள். ஆளுக்கு ஒன்றரைக் கோப்பை என்று கணக்குப் போட்டால் 150 கோப்பை. கோப்பை 150 மில்லி என்றால் அதில் தண்ணீர் 120, பால் 30. ஆக 18 லிட்டர் தண்ணீர், தூள் உறிஞ்சுவதையும் சேர்த்தால் 20 லிட்டர், பால் நாலரை லிட்டர். கோப்பைக்கு 2 கிராம் வீதம் தூள் 300 கிராம். தூளிலும் பாலிலும் யாரும் தவறுவதில்லை, நேரத்தில்தான் தவறுகிறார்கள். 2500 வாட் மின்பாய்லரில் 20 லிட்டர் தண்ணீர் கொதிக்க முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு சுவிட்சைப் போட்டால் முதல் கோப்பை வருவதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள். சீக்கிரம் ஆகட்டும் என்று இரண்டு பாய்லரை ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் ஒயர் சூடாகும், இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும். ஒரு வீட்டில் பேச்சு நடக்கும்போதே மைக்கும் விளக்கும் சேர்ந்து அணைந்தன. தனித்தனி இணைப்பில் போடுங்கள், முந்தின நாளே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

தூளைப் பாய்லருக்குள்ளேயே மணிக்கணக்கில் ஊறவிடுவதும் வழக்கமான தவறு. மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் துவர்ப்பும் கசப்பும்தான் இறங்கும், சர்க்கரை போட்டு அதைச் சரிக்கட்ட முடியாது. வடிகட்டி ஃபிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். பாலும் சர்க்கரையும் தனியாக இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளும் பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் வெட்கப்படாமல் குடிக்கலாம். குழந்தைகள் ஓடும் பக்கம் பாய்லர் வேண்டாம், அதன் ஒயரும் தொங்கக் கூடாது.

தின்பண்டங்களை ஆளுக்கொன்றாக வீட்டிலிருந்து செய்து வருவார்கள். அன்போடு வருவதுதான், ஆனால் அதில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. செய்தவரிடமே ஒரு சீட்டில் எழுதி வாங்கி முன்னால் வையுங்கள்: கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, எள் இருந்தால் அவசியம். சமைத்த பண்டம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழும் சூடானது 60 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. க்ரீம் வைத்த பண்டங்களை ஒரேயடியாகப் பரப்பாமல் சிறுகச் சிறுக வெளியே எடுங்கள்.

பேச்சுக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். "யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம்" என்று மைக்கைத் திறந்துவிட்டால் இறந்தவரைச் சரியாகத் தெரியாத ஒருவர் இருபது நிமிடம் பேசுவார், இது எல்லாக் கூட்டத்திலும் நடக்கிறது. பேசுபவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். தொண்டை அடைத்துவிட்டால் மீதியை வாசிக்க ஒருவரிடம் இன்னொரு பிரதி இருக்கட்டும். நோய் விவரம், கடைசி நாட்களின் வேதனை இவற்றில் எதைச் சொல்லலாம் என்று குடும்பத்திடம் கேளுங்கள். நிதி கேட்கும் வேகத்தில் அந்தக் கதையை உருக்கமாக்கத் தோன்றும், வேண்டாம். தற்கொலையால் இழந்தவர் என்றால் அது எப்படி நடந்தது என்ற விவரம் மேடைக்கு வரவே கூடாது. பேச முடியாதவர்களுக்காக மேசைக்கு நாலைந்து அட்டையும் பேனாவும் வைத்தால், வீட்டுக்காரர்கள் அதுவரை கேட்டிராத கதைகள் அதில் வரும். அக்கா அலுவலகத்தில் மற்றவர்களின் வேலையையும் சேர்த்து ராத்திரி இருந்து முடித்துக்கொடுத்தாள் என்பது அப்படி ஓர் அட்டையிலிருந்துதான் அம்மாவுக்குத் தெரியவந்தது.

பணத்தை ஒரு வாரத்துக்குள் ஒப்படைத்து, ரசீதின் படத்தையும், செலவை வீடு ஏற்காவிட்டால் அந்தக் கணக்கையும் வந்தவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். தாமதமாகப் போகும் நன்றிக் கடிதத்தைவிட நாலு வரிச் செய்தி மேல்.

கடைசியாக ஒன்று. கூட்டம் நன்றாக நடந்து எல்லோரும் நெகிழ்ந்து நிற்கிற நேரத்தில் "இனி ஒவ்வோர் ஆண்டும்" என்று யாராவது மைக்கில் அறிவித்துவிடுவார். எங்கள் வீட்டில் அது நான்தான். அடுத்த ஆண்டு அந்தத் தேதி நெருங்க நெருங்க அம்மா பேசுவதையே குறைத்துக்கொண்டார். விருந்து வைக்கவில்லை. பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு, அந்த அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு நாங்கள் நாலு பேர் வீட்டில் தேநீர் குடித்தோம். அன்றைக்குத் தேநீர் போட்டது நான், அம்மா உட்கார்ந்திருந்தார்.